ஹாக்னியின் அறுபது துண்டுகள் – கடிதம்

வணக்கம். கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியின் ‘எ பிக்கர் கிராண்ட் கேன்யன்’ ஓவியத்தைப் பார்த்தேன். 60 கித்தான்களை அடுக்கி ஒரே காட்சியாக்கியிருக்கிறார். குளியலறை டைல்ஸ் மாதிரி கோடுகள் கண்ணை உறுத்துகின்றன. நிறமும் ஒரேயடியாகச் சிவப்பு. அவ்வளவு பெரிய இயற்கையைத் துண்டு போட்டால் அதன் பிரம்மாண்டம் போய்விடாதா?
ஆர்., சிட்னி

அன்புள்ள ஆர்.,

துண்டு போடாமல் அதைப் பிடிக்கவே முடியாது என்பது ஹாக்னியின் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். சில இடங்களில் அகலமே 29 கிலோமீட்டர். விளிம்பில் நிற்பவர் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்; கீழே எட்டிப் பார்த்தால் எதிர்க்கரை கண்ணைவிட்டுப் போய்விடும். 1982இல் ஹாக்னி அங்கே கேமராவோடு போனார். பகுதி பகுதியாகப் படமெடுத்து, பிரிண்டுகளை ஒட்டி ஒரே காட்சியாக்கினார். 1998இல் அதே யோசனையை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு மீட்டர் உயரம், ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலம். நின்ற இடத்திலிருந்தே பார்த்து முடித்துவிட முடியாது, பக்கவாட்டில் நடக்கவேண்டும். அந்தக் கோடுகள் கண்ணை அங்கங்கே நிறுத்தி நகர்த்துகின்றன.

1873இல் நில ஆய்வாளர் பவலின் குழுவோடு அங்கே போன ஓவியர் தாமஸ் மோரன் வேறு வழி பிடித்தார். மூடுபனியையும் மழைமேகத்தையும் கொண்டுவந்து பாதிப் பள்ளத்தாக்கை மறைத்தார்; மறைந்ததெல்லாம் தூரமாகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் கொடுத்து அந்த ஓவியத்தை வாங்கியது. அருமையானதுதான், ஆனால் கொஞ்சம் நாடகம். ஹாக்னியிடம் பனியே கிடையாது. தூரம் போகப் போக நிறம் மங்கவேண்டும் என்ற பள்ளிப் பாடத்தை அவர் மதிக்கவில்லை. எட்டத்துப் பாறையும் கிட்டத்துப் பாறைபோலவே தகதகக்கிறது. உங்களுக்கு நிறம் அதிகமாகப் பட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும். மங்கலை நம்பாததால் எல்லாத் தூரத்தையும் கண்ணே நடந்து கடக்கவேண்டியிருக்கிறது.

கோடுகள் உறுத்துவதை மறுக்கமாட்டேன். பாறை வழவழப்பான பெரிய பரப்பு, அதில் எந்த வெட்டும் தெரியும். யார்க்‌ஷயரில் 2007இல் அவர் வரைந்த ‘பிக்கர் ட்ரீஸ் நியர் வார்ட்டர்’ ஓவியத்தைப் பாருங்கள். 50 கித்தான்கள், 12 மீட்டர் அகலம். வெளியில் வைத்தே வரைந்ததால் சிறு கித்தான்கள்தான் தோது. ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கணினியில் சேர்த்துத்தான் முழுசையும் பார்த்துக்கொண்டார். இலையில்லாத கிளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் கோடுகள் அதற்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. என் ஓட்டு இதற்குத்தான். 2008இல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்கு அவரே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.