த்ரெடிங் போட வந்த கையில் சிகரெட் வாடை

கேள்வி: வேளச்சேரியில் ஒரு பெரிய சலூனில் ஆறு ஃபேஷியலுக்குச் சேர்த்து 12,000 ரூபாய் கட்டி பேக்கேஜ் எடுத்தேன். இரண்டு முடிந்துவிட்டது. இரண்டு தடவையும் எனக்குச் செய்த பெண், நேராகத் தம் அடித்துவிட்டு வந்து முகத்தில் கை வைத்தார். த்ரெடிங்கும் அவரேதான். வாடை தாங்கவில்லை. மேனேஜரிடம் சொன்னால், "அது அவங்க பிரேக் டைம் மேடம், நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது" என்கிறார். வேறு ஆளும் தரவில்லை, மீதிப் பணமும் தரவில்லை. 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று பில்லிலேயே இருக்கிறதாம். ஒரு பெண்பிள்ளை இப்படிச் செய்வதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வேலை நேரத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் இல்லையா?

பதில்: 'பெண்பிள்ளை' என்பதை முதலில் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். முடி வெட்டும் தம்பி தம் அடித்துவிட்டு வந்தாலும் வாடை அதேதான். உங்கள் புகார் வாடையைப் பற்றியது, நியாயமானது. அதை ஆளைப் பற்றியதாக மாற்றினால், மேனேஜர் அதையே பிடித்துக்கொண்டு பேச்சைத் திருப்பிவிடுவார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் அதில் சேர்த்தன. சலூன் ஒரு பணியிடம், வாடிக்கையாளர் வந்து போகும் இடமும்கூட. ஆகவே கடைக்குள், கழிப்பறைக்குள், ஊழியர் சாப்பிடும் பின்னறைக்குள், அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில், லிஃப்ட் வாசலில் எங்கும் புகைக்கக் கூடாது. ஆனால் இடைவேளையில் வெளியே இறங்கி, பெட்டிக்கடை ஓரமாக நின்று ஒருவர் புகைத்தால் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அந்த அளவுக்கு மேனேஜர் சொன்னது சரி.

அவர் வசதியாக மறந்துவிட்டது மறுபாதியை. இடைவேளை ஊழியருடையது. அது முடிந்து உங்கள் முகத்துக்கு வரும் கைக்குக் கடைதான் பொறுப்பு. ஃபேஷியலில் மேலுதட்டையும் மூக்கின் இரு பக்கத்தையும் விரல்கள் திரும்பத் திரும்ப நீவுகின்றன. கண்மேல் பஞ்சு வைத்துப் படுத்திருப்பவரால் முகத்தைத் திருப்பக்கூட முடியாது. த்ரெடிங் இன்னும் நெருக்கம். பலர் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, உங்கள் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நிற்பார்கள். அவர் மூச்சு முழுக்க உங்கள் முகத்தில்தான். துணிக்கடைச் சிப்பந்தி புகைத்துவிட்டு வந்தால் ஓர் அடி தள்ளி நின்றுகொள்ளலாம். பார்லரில் அந்த வசதி இல்லை. சுத்தமான கையும் மூச்சும் இந்தச் சேவையின் ஒரு பகுதி என்று நான் சொல்வது அதனால்தான்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. கையில் இருந்த வாடை இரண்டு தடவை பட்டதால் உங்களுக்கு எதுவும் வந்துவிடாது. ஆனால் கையிலும் உடையிலும் தங்குவது வெறும் வாடை மட்டுமல்ல, நிக்கோட்டினும் வேறு சில பொருட்களும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. வீசிங் உள்ளவர்களுக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்பிவிடும், மசக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் புகாரில் அதையும் எழுதுங்கள்.

இனி பணம். வாயால் சொன்னது போதும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நாலு வரி எழுதுங்கள்: எந்தத் தேதி, என்ன நடந்தது, அடுத்த தடவை வேறு ஊழியர் வேண்டும், முடியாவிட்டால் மீதி நான்கு ஃபேஷியலுக்கான 8,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இதில் வேறு ஊழியர் கேட்பதுதான் முக்கியம். கடைக்கு ஒரு பைசா செலவில்லாத தீர்வு அது. அதையும் மறுத்தார்கள் என்பது எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் கனமாகிவிடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்லியிருக்கிறார்கள். பில்லில் ஒரு வரி அச்சடித்ததாலேயே அந்த உரிமை காணாமல் போகாது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான சங்கிலிக் கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 'வாடை வந்தது' என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சொன்னேன், ஆளை மாற்றச் சொன்னேன், பணம் கேட்டேன், மூன்றையும் மறுத்தார்கள்' என்றால்தான் வழக்கு நிற்கும்.

கேள்வி: மதுரையில் ஐந்து ஊழியர்களோடு யூனிசெக்ஸ் சலூன் நடத்துகிறேன். வேலை நாளில் யாரும் புகைக்கக் கூடாது, பிடிபட்டால் தடவைக்கு 500 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லியிருந்தேன். நல்ல ஸ்டைலிஸ்ட் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் செய்தது தப்பா? வேப் என்றால் வாடை வராது, அதை அனுமதிக்கலாமா?

பதில்: வேப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேப் என்கிற மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் 2019 முதல் நாடு முழுவதும் தடை. அதை உங்கள் கடையில் நீங்களே அனுமதிப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

அபராதத்தை உடனே நிறுத்துங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அரசின் ஒப்புதல் பெற்று அறிவிப்பாக ஒட்டிய காரணங்களுக்கு மட்டுமே அபராதம் பிடிக்கலாம். அதற்கு முன் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். மொத்த அபராதமும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதத்துக்கே 450 ரூபாய்தான் வரம்பு. நீங்கள் ஒரே ஒரு தம்முக்கு 500 கேட்கிறீர்கள்!

முழுத் தடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல வருஷப் பழக்கம் உள்ளவர் காலை பத்து மணியிலிருந்து இரவு வரை அதைத் தொடாமல் இருந்துவிடுவார் என்று நம்புகிறீர்களா? மாட்டார். உங்களுக்குத் தெரியாமல் கழிப்பறையில் புகைப்பார். வெளியே போனபோது வாடை மட்டும்தான் உங்கள் பிரச்சினை. உள்ளே புகைத்தால் அதோடு நெருப்பும் சேர்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். ஹேர் ஸ்ப்ரே, ஸ்பிரிட், சானிட்டைசர் எல்லாம் அதே ஜாதி. இவற்றை நாம் வழக்கமாக எங்கே அடுக்கி வைக்கிறோம்? கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்டோரில்தான்.

ஆகவே புகைப்பதை அல்ல, புகைத்துவிட்டு வரும் விதத்தை விதியாக்குங்கள். ஏப்ரனையும் யூனிஃபார்ம் மேல்சட்டையையும் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கடை வாசலிலும் ஜன்னலுக்குக் கீழும் நிற்கக் கூடாது. திரும்பி வந்ததும் மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளிக்க வேண்டும். கடைசித் தம்முக்கும் அடுத்த கஸ்டமருக்கும் நடுவில் பத்து நிமிஷமாவது இருக்க வேண்டும், அந்த நேரத்தில் டவல் மடிக்கலாம், ட்ராலி அடுக்கலாம். சானிட்டைசர் போட்ட கை காயாமல் லைட்டரைத் தொடவே கூடாது. பாடி ஸ்ப்ரே அடித்து மறைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், சிகரெட்டோடு மல்லிகை சென்ட் சேர்ந்தால் வருகிற நெடிக்குச் சிகரெட்டே தேவலை. இதை எழுதி ஒட்டிவிட்டு, கஸ்டமர் 'வேறு ஆள் வேண்டும்' என்று கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் கடமை ஒன்று: வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் 'புகை பிடிக்கக் கூடாத இடம்' பலகை இருக்க வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரோடு. உள்ளே ஆஷ்ட்ரே வைக்கக் கூடாது. புகாரை வாங்க வேண்டிய அந்த நபர் நடவடிக்கை எடுக்காமல் விட்டால், அங்கே நடந்த ஒவ்வொரு மீறலுக்கும் உரிய அபராதம் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: நான் பியூட்டீஷியன். காலை 10 முதல் இரவு 8.30 வரை நின்றே வேலை. கஸ்டமர் இருந்தால் சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் நின்றபடி. உட்காரக் கூடாது. 'தம் அடிக்கப் போகிறேன்' என்றால் மட்டும் ஓனர் ஐந்து நிமிஷம் விடுவார். அதற்காகவே பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இப்போது அதையும் நிறுத்தப் போகிறாராம். எங்களுக்கு என்ன உரிமை?

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் முதலில் போட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது புகை இடைவேளை அல்ல, இடைவேளை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஒரு நாள் வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் போனால் ஓவர்டைம் கணக்கு. உட்காருவதற்கும் உரிமை உண்டு: 2021-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். துணிக்கடையில் நிற்கும் பெண்களை வைத்துத்தான் அப்போது எல்லாரும் பேசினோம், ஆனால் பார்லரும் அதற்குள் வருகிற நிறுவனம்தான். கஸ்டமர் இல்லாத நேரத்தில் நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தால் அது சலுகை அல்ல. ஓனரிடம் நாலு பேராகச் சேர்ந்து பேசுங்கள், தனியாகப் போகாதீர்கள். மசியாவிட்டால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

புகைக்காதவருக்கு ஓய்வே இல்லாத கடையில், புகைக்கப் பழகியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பழகி, இப்போது விட நினைக்கிறவர்கள் இருந்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுங்கள். புகையிலையை விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் கடைக்காரரே பீடியைக் கொளுத்திக்கொண்டு முடி வெட்டுகிறார். ஏழு வயதுப் பையனைக் கூட்டிப்போகிறேன். கேட்டால், "என் கடை சார்" என்கிறார்.

பதில்: கடை அவருடையதாக இருந்தாலும் அது பொது இடம்தான். 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. காவல் உதவி ஆய்வாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் போடலாம். உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொன்னாலும் நேரில் வந்து பார்ப்பார். தெருக்காரர் என்று தயக்கமாக இருந்தால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து "பையன் உட்கார்ந்திருக்கிறவரை மட்டும் பீடி வேண்டாம்ணே" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பையன் முகத்துக்குப் பக்கத்தில் கத்தியையும் பீடியையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கிறவரிடம் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வேறு கடைக்குப் போய்விடுங்கள்.