உங்களுக்கு மிகவும் பிடித்த ப்ரோக்ரெசிவ் மெட்டல் இசைக்குழு எது? ஏன்?

டூல். இதோடு முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் ‘ஏன்’ என்றும் கேட்டுவிட்டீர்களே.

சிங்கப்பூர்க்காரன், ருத்ராவைச் சொல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவைச் சொல்கிறானே என்று சிலருக்குக் கடுப்பாகலாம். 1992-ல் இங்கே தொடங்கி, வேதாந்தத்தை உறுமலில் பாடும் ருத்ராமீது எனக்கும் தனிப் பாசம் உண்டு. ஆனால் அது டெத் மெட்டல் பக்கம். கேள்வியோ, தாளக் கணக்கில் விளையாடும் ப்ரோக்ரெசிவ் மெட்டலைப் பற்றி.

சின்ன வயதில் அம்மா என்னை மிருதங்க வகுப்பில் சேர்த்துவிட்டார். ஐந்து வருடம் தட்டினேன், ஓ லெவல் பரீட்சை வந்ததும் நிறுத்தியாயிற்று. அப்புறம் தேசிய சேவை, கட்டாய ராணுவப் பயிற்சி. தெக்கோங் தீவில் பக்கத்துக் கட்டில் மலாய் நண்பன் ஒரு ராத்திரி தன் இயர்ஃபோனின் ஒரு முனையை என் காதில் செருகினான். ‘ஸ்கிசம்’ என்ற பாட்டு. ஜஸ்டின் சான்சலரின் பேஸ் கிட்டார் சுழலத் தொடங்கி இரண்டு சுற்று ஆவதற்குள் என் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது: தகதகிட, தகிடதகதிமி. ஐந்தும் ஏழும். “இதை எண்ணவே முடியாது” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மறந்தே போச்சு என்று நினைத்த வகுப்பு கையில் அப்படியே இருந்தது.

டிரம்மர் டேனி கேரி, அலோக் தத்தாவிடம் தபலா கற்றவர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும், ‘அதானே!’ என்று தோன்றியது.

2001-ல் வந்த ‘லேட்டரலஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதியுங்கள். பல்லவி வரும் இடத்தில் தாளம் 9, 8, 7 என்று இறங்கும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையில் 987 ஓர் எண், பாட்டின் முதல் வரிகளில் அசைகளும் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறுகின்றன என்று ரசிகர்கள் பிரமிப்பார்கள். லகுவும் (குறில் அசை) குருவும் (நெடில் அசை) எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்ட நம்மூர் யாப்பிலக்கணக்காரர்கள், விரஹாங்கரும் ஹேமசந்திரரும், அதே வரிசையை ஃபிபனாச்சிக்கு முன்பே எழுதிவிட்டார்கள் என்று நானும் என் பங்குக்குப் பெருமை அடித்துக்கொள்வேன்.

ஆனால் என்னைப் பிடித்தது அந்த எண் ஜோசியம் இல்லை. ஒன்பது, எட்டு, ஏழு என்று குறுகி வந்தால் அது கர்னாடக இசையின் கோபுச்ச யதி, மாட்டு வால் போலச் சுருங்கும் தாள அமைப்பு. கூட்டிப் பாருங்கள், 24. ஒரு பக்கம் எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தை மூன்று ஆவர்த்தனம், அதாவது மூன்று சுற்று, போட்டுக்கொண்டே கேளுங்கள். நடுவில் பாட்டு உங்கள் கையைவிட்டு எங்கேயோ போகும், நாம்தான் தப்பாகப் போடுகிறோமோ என்று சந்தேகம் வரும், பிறகு நான்காவது சுற்றின் சமத்தில், அதாவது முதல் தட்டில், இரண்டும் ஒன்றாக வந்து ‘டம்’மென்று இறங்கும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ற முடிவுக் கணக்கு சரியாக வந்து முடியும்போது சபையே தலையாட்டுமே, அந்தச் சுகம்.

குறை இல்லாமல் இல்லை. 2006-க்குப் பிறகு அடுத்த ஆல்பத்துக்கு 2019 வரை காக்க வைத்தார்கள்; அதற்குள் எனக்குக் கல்யாணமாகி வீவக (அரசு அடுக்குமாடி) வீடும் வந்துவிட்டது. அந்த ‘ஃபியர் இனாக்குலம்’ ஆல்பத்தில் முக்கியமான பாட்டெல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல். நடுநடுவே வரும் சத்தத் துணுக்குகளை நான் தாண்டித்தான் போவேன். பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் இன்னும் கொஞ்சம் பாடியிருக்கலாம். கடைசியில் வரும் ‘7எம்பெஸ்ட்’டில் ஆடம் ஜோன்ஸின் கிட்டாருக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

போன மாதம் செங்காங்கிலிருந்து தேக்காவுக்கு எம்ஆர்டி ரயிலில் போகும்போது ‘லேட்டரலஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகத் தொடையில் 9, 8, 7 போட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஆன்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “மிருதங்கமா தம்பி? தாளம் தப்புதே” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க ஆன்டி, சமத்துக்கு வந்துடும்” என்றேன்.

அதற்குள் ஃபேரர் பார்க் வந்துவிட்டது. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் போல, இறங்கிப் போய்விட்டார்.