சக்கரத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு மண்பாண்டப் பயிற்சி நடத்துகிறேன். மிஞ்சுகிற மண்ணை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால், ஒரு வாரம் ஆனாலும் கட்டி கட்டியாகவே கிடக்கிறது. எப்படியோ பிசைந்து சேர்த்தாலும் சக்கரத்தில் இழுக்கும்போது பிய்ந்துபோகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தங்கச்சி. காருகுறிச்சியில் எங்களுக்குக் குளத்து மண் ஒரு லோடு வந்து இறங்குவதற்குள் தாசில்தார் ஆபீஸ் அனுமதி, டிராக்டர் வாடகை என்று எவ்வளவோ இருக்கிறது. குளம் பெருகிவிட்டால் தண்ணீர் வற்றும்வரை மண்ணைத் தொடவே முடியாது. சுடாத மண்ணில் ஒரு பிடியைக்கூட வீணாக்க எனக்கு மனசு வராது.

கட்டி கரையாததற்குக் காரணம், அரை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் போடுவதுதான். நன்றாகக் காய்ந்த மண்ணில் நுண்ணிய துளைகள் எல்லாம் காலியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் அது உள்ளே பாய்ந்து, அங்கிருக்கும் காற்றை நெட்டித் தள்ளும். கட்டி தானாக உடைந்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அரை ஈர மண்ணிலோ அந்தத் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, புதுத் தண்ணீர் எங்கே போகும்? அதனால் மிச்சத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, நிறம் வெளிறும்வரை வெயிலில் காயப் போடுங்கள். பிறகு வாளியில் போட்டு, மண் முழுகத் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் கை வைக்காமல் விடுங்கள். இடையில் கிண்டினால் உடையாத கட்டியின் மேல் சேறு பூசிக்கொண்டு, ஊறுவது தாமதமாகும்.

பிய்ந்துபோவது வேறு விஷயம். சக்கரத்தில் கை நனைக்க வைத்திருக்கும் சட்டித் தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? வாஷ்பேசினில் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பல இடங்களில் அதுதான் நடக்கிறது, பார்க்கும்போது வயிறு எரிகிறது. மண்ணுக்கு இழுவை கொடுக்கிற மிக நுண்ணிய களி அந்தக் கலங்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் வாளியில் மிஞ்சுவது மணல் தூக்கலான சவலை மண். எத்தனை முறை பிசைந்தாலும் வளைத்தால் விரியும். போதாக்குறைக்கு, ஊற்றின களி குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை ஒரு தனி வாளியில் சேர்த்துத் தெளியவிடுங்கள். மேல்தண்ணீரை அடுத்த நாள் சக்கரத்துக்கே வைத்துக்கொள்ளலாம். அடியில் படிந்த வழுவழு சேற்றை ஊறிய மண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஊறிய மண்ணைக் கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள். பிள்ளைகள் கைபட்ட மண்ணில் நூல், குச்சி எல்லாம் கிடக்கும். சுண்ணாம்புக் கல்தான் பெரிய எதிரி. தாழையூத்துப் பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி, நம் மண்ணில் பொடிக்கல்லாக வந்துவிடும். சூளையில் அது வெந்து, பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி ஊதும். பானை சுட்டு வாரம் கழித்துக்கூட அந்த இடத்தில் சில்லு பெயரும்.

வடித்த சேற்றை அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், மணல் கீழே தங்கியிருக்கும். நாட்டுச் செங்கல்லை வரிசையாக அடுக்கி, பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் பரப்புங்கள். செங்கல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையும் நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் நான் வைக்க மாட்டேன். அதன் ஓரம் உடைந்து ஒரு துணுக்கு மண்ணில் கலந்தாலும் சுண்ணாம்புக்கல் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். சித்திரை வெயிலில் மேல்பக்கம் மட்டும் பொருக்குத் தட்டும், அவ்வப்போது புரட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தலையணை உறையில் கட்டித் தொங்கவிடுவதுதான் வழி.

சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் மிதித்துப் பிசைந்து, சரிபாதி புது மண்ணோடு கலந்தால் சக்கரத்தில் ஏறும். கடையில் வாங்கும் வெள்ளை ஸ்டோன்வேர் மண்ணுக்கு வேறு வாளி வையுங்கள். அதைச் சுடுகிற 1,200 டிகிரிச் சூட்டில் நம் செம்மண் உருகித் தொய்ந்துபோகும்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். காய்ந்த மண்ணை அறைக்குள் உடைக்காதீர்கள், விளக்குமாறால் தரையைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் போகாது. ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

கேள்வி: சூளையில் விரிந்த பானைகளையும் இடித்து ஊறப்போட்டு மண்ணாக்கலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: முடியாது தம்பி. சுமார் 600 டிகிரி தாண்டும்போது களிக்குள் கட்டுண்டிருந்த நீரும் வெளியேறி, அதன் அமைப்பே மாறிவிடுகிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் மண்ணுக்குள் கிடந்தும் களியாகிவிடவில்லையே. ஆனால் இடித்துச் சலித்த ஓட்டுப்பொடியைப் பச்சை மண்ணில் கலக்கலாம். பெரிய தொட்டி செய்யும்போது சுருக்கமும் விரிசலும் குறையும். இடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூடி வைத்த மண்ணில் பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்கிறது. கெட்டுவிட்டதா அண்ணாச்சி?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கெடவில்லை தாயி, பழுத்திருக்கிறது. கிடக்கக் கிடக்க மண்ணுக்கு இழுவை கூடும். பூஞ்சையை அப்படியே சேர்த்துப் பிசையுங்கள், சூளையில் எரிந்துபோகும். கையில் வெட்டுக்காயமோ சொறியோ இருந்தால் மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.