ஏழாம் நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வயது 29. பெங்களூரில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் பெருந்துறை. வரும் ஏப்ரலில் ஊரிலிருந்து லண்டன் வரை பைக்கில் தனியாகப் போகப்போகிறேன். நேபாளம், திபெத், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, ஜார்ஜியா, துருக்கி, பிறகு ஐரோப்பா. மொத்தம் 18,000 கிலோமீட்டர். வெளிநாட்டில் வண்டி ஓட்டுவது இதுதான் முதல் தடவை. ஆபீஸில் 50 நாள் விடுப்பு தருகிறார்கள். 48 நாளுக்கு அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். சராசரி ஒரு நாளைக்கு 375தான் வருகிறது. நம் ஊர் ரோட்டில் நான் ஒரே நாளில் 700 ஓட்டியவன்.

என் கேள்விகள்: என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது, 450க்கு மாறலாமா? இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டுவதா, துணிப்பை போதுமா? வண்டிக்கான சுங்க ஆவணம், அந்த கார்னெட் எடுக்க வேண்டுமா? வீட்டில் ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போவதாகச் சொல்லியிருக்கிறேன். லண்டன் போய்ச் சேர்ந்ததும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அப்பா பயந்த சுபாவம்.

ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் அட்டவணையை அச்செடுத்து மூன்று நாளாக மேசையில் வைத்திருக்கிறேன். 'நாள் 7: கோரக்பூர் – சுனோலி – காத்மண்டு, 370 கி.மீ.' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே என்னால் நகர முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில். 411ஐ வைத்துக்கொள்ளுங்கள். 450க்கு இழுவை அதிகம், டேங்க் 17 லிட்டர், இதற்கு 15. அந்த இரண்டு லிட்டருக்காகப் பழகிய வண்டியை விற்க வேண்டாம். அதன் சத்தம் மாறினால் உங்கள் காதுக்குத் தெரியும், அது பெரிய காப்பு. துணிப்பையே போதும். சேற்றில் விழும்போது அலுமினியப் பெட்டி காலை நசுக்கும். டயரைக் கழற்றி ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்ட நீங்களே பழகியிருக்க வேண்டும். பெருந்துறையில் ஏதாவது ஒரு பஞ்சர் கடையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள், அது போதும்.

கார்னெட்: ஈரான் வழியாகப் போவதென்றால் கட்டாயம். உங்கள் வழியில் பெரும்பாலும் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிக் காகிதம் போட்டுக் கொடுப்பார்கள். ஆனாலும் வண்டி இந்தியாவுக்குத் திரும்பி வர வேண்டும் அல்லவா, மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுதான் செல்லும், சீனாவில் அதுவும் செல்லாது. அங்கே தற்காலிக உரிமம், தற்காலிக நம்பர் பிளேட், கூடவே வருகிற வழிகாட்டி மூன்றும் வேண்டும். ஏஜென்சி மூலமாகத்தான் நடக்கும், பணம் நிறையப் போகும். இவையெல்லாம் விசாரித்தால் கிடைக்கிற விஷயங்கள். நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

அந்த அட்டவணையில் 48 வரிகள் இருக்கின்றன. ஒரு வரிகூடக் காலியாக இல்லை. ஒரு நாள்கூட, தம்பி! துணி துவைக்க ஒரு நாள் இல்லை. காய்ச்சல் வந்தால் படுக்க ஒரு நாள் இல்லை. யாராவது 'இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ' என்று கையைப் பிடித்தால் இருப்பதற்கு ஒரு நாள் இல்லை.

சராசரி 375 என்கிறீர்கள். வண்டியை நிறுத்திக் காகிதம் காட்ட வேண்டிய எல்லைகள் உங்கள் வழியில் பத்து. இந்தியா–நேபாளத்தில் தொடங்கி பிரான்ஸ்–பிரிட்டன் வரை எண்ணிப் பாருங்கள். எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகும் ஐரோப்பிய ஷெங்கன் வட்டத்துக்குள் பல்கேரியா 2025 ஜனவரியில் தரைவழியிலும் வந்துவிட்டதால் அதற்கப்பால் கொஞ்சம் குறைகிறது, இல்லையென்றால் இன்னும் கூடும். எல்லைக்கு ஒரு நாள் என்று பத்து நாளைக் கழித்தால் மீதி 38. அப்போது ஒரு நாளைக்கு 474 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், அதுவும் திபெத்தின் மேட்டு நிலத்தில். சேலம் பைபாஸில் 700 ஓட்டியதை வைத்து இதைக் கணக்குப் போடக்கூடாது.

காத்மண்டு 1,400 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பி மூன்றாம் நாள் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாயில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் இருக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். அங்கே மூளையில் நீர் கோத்தால் முதலில் தடுமாறுவது நடை, அடுத்து புத்தி. இரண்டும் தடுமாறுகிறவன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். வழிகாட்டிக்கு நாள்கூலி கொடுக்கிறோமே, சீக்கிரம் கடந்துவிடலாம் என்று தோன்றும். அந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

திறந்திருக்கும் என்று நீங்கள் நம்புகிற கதவுகளும் அப்படித்தான். நேபாளத்திலிருந்து திபெத் போக முன்பு கோடாரி என்ற ஊர் வழியாகப் பாதை இருந்தது. 2015 நிலநடுக்கம் அதை மூடியது. பிறகு எல்லோரும் ரசுவாகடி வழியாகப் போனார்கள். 2025 ஜூலையில் வெள்ளம் வந்து அங்கிருந்த எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போயிற்று. ரஷ்யாவிலிருந்து ஜார்ஜியாவுக்குள் இறங்கும் மலைப்பாதையைப் பனியும் மண்சரிவும் மூடும். காஸ்பியன் கடல் வழியாக அஜர்பைஜானுக்குப் போய்விடலாம் என்று முன்பெல்லாம் சொல்வோம். அந்த நாடு 2020இல் கொரோனாவுக்காக மூடிய தரை எல்லையை ஆண்டுக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போனது. விசாவில் தேதி இருக்கிறதே, காலி நாள் எப்படி விடுவது என்று கேட்பீர்கள். தேதி இருப்பதால்தான் விடச் சொல்கிறேன். ஓரிடத்தில் இரண்டு நாள் தடைபட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா வரியும் சரியும். அப்போது நீங்கள் அந்த இரண்டு நாளை எங்கிருந்து எடுப்பீர்கள் தெரியுமா? தூக்கத்திலிருந்து எடுப்பீர்கள். பொழுது சாய்ந்த பிறகான சாலையிலிருந்து எடுப்பீர்கள்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா மூவரும் முழுச் சுற்றும் முடித்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர். உங்களைப் போலவே நானும் வகுத்துப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 44 வருகிறது. சைக்கிள்தானே என்று சொல்லாதீர்கள். எல்ஸ்பெத் பியர்டு 1982இல் லண்டனிலிருந்து பழைய பிஎம்டபிள்யூ பைக் ஒன்றில் உலகம் சுற்றக் கிளம்பியபோது கட்டடக்கலை மாணவி, உங்களைவிடச் சின்னப் பெண். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று, சுமார் 56,000 கிலோமீட்டர். வகுத்தால் ஒரு நாளைக்கு 75 வருகிறது. நடுவே காசு சேர்க்க சிட்னியில் மாதக்கணக்கில் வேலை பார்த்தார். தாய்லாந்தில் நாய் குறுக்கே வந்ததால் விழுந்து, அங்கேயே ஒரு குடும்பத்தின் வீட்டில் படுத்துத் தேறினார். அந்த நாள்களை எந்த வரியில் எழுதியிருக்க முடியும்?

இனி ஏழாம் நாளுக்கு வருகிறேன்.

1998 ஜனவரி. நானும் என் நண்பனும் ஒரே வண்டியில் நேபாளம் போயிருந்தோம். இந்திய வண்டி உள்ளே போக எல்லையில் 'பன்சார்' என்று ஒரு சுங்கச் சீட்டு வாங்க வேண்டும், உங்களுக்கும் அதுதான். எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று சொல்லி நாளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். எட்டு நாள் போடலாம் என்றான் அவன். ஏழு போதும் என்று சொன்னது நான். ஒரு நாள் கட்டணம் இரண்டு பேர் சாப்பாட்டுக் காசுதான் இருக்கும். அதை மிச்சம் பிடித்தேன்.

ஏழாம் நாள் காலை போகராவில் கிளம்பினோம். அது முழுக்க வளைவுகளான மலைச்சாலை. தான்சேன் தாண்டும்போதே மதியம் போய்விட்டது. புட்வலில் சமவெளிக்கு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றான். நான் கைக்கடிகாரத்தைக் காட்டி, நேரம் இருக்கிறது என்றேன். பிறகுதான் உறைத்தது: நேபாளத்தின் நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது, என் கடிகாரத்தில் இந்திய நேரம். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பிடிக்கத்தான் விரட்டினேன். தராய் என்கிற அந்தச் சமவெளியில் ஜனவரியில் மூடுபனி சுவர் போல வந்து நிற்கும். எல்லைக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று முன்னால் போயிருக்கிறது. பின்விளக்கு இல்லை. பனியில் கரும்பின் நுனிகள் முதலில் தெரிந்தன, வண்டி தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன், வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. எனக்கு உள்ளங்கையில் தோல் உரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் வலது முழங்கால் வண்டிக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவில்.

கரும்பு வெட்டுகிற ஆட்கள்தான் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். மறுநாள்தான் எல்லையைக் கடந்தோம், சீட்டின் தேதி தாண்டி ஒரு நாள். சுங்கத்தில் இருந்தவர் தேதியைப் பார்த்தார், ஜீப்பில் படுத்திருந்தவனைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். நான் எதற்குப் பயந்து ஓடிவந்தேனோ அது அவ்வளவுதான்.

அவனும் வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். பெங்களூருக்கு இன்டர்வியூ போவதாகச் சொல்லியிருந்தான். கோரக்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அவன் அம்மாவுக்கு நான் போன் செய்தேன். பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தேன், மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோரக்பூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், காலில் அடி என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கோரக்பூர்னா பெங்களூருக்குப் பக்கங்களா கண்ணு?" என்றார். நான், "ஆமாங்கம்மா, பக்கந்தான்" என்றேன்.

அப்பா பயந்த சுபாவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பயப்படட்டும், தம்பி. பயப்படுவதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பறித்துக்கொண்டு போவது அன்பு இல்லை, அது உங்கள் சௌகரியம். கிர்கிஸ்தானில் ஓஷ் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ரஷ்ய மொழியில் அவருக்கு ஒரு போன் வந்தால், மகன் ஜெர்மனியில் அல்லவா இருக்கிறான் என்று நினைத்து அதை வைத்துவிடுவார். நீங்கள் புத்திசாலி, இது உங்களுக்குத் தெரியாதா? எந்த எந்த ஊர், எந்தத் தேதி, இன்சூரன்ஸ் யாரிடம், ஏஜென்சி போன் நம்பர் என்ன என்று எல்லாம் எழுதி அவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். கோபித்துக்கொள்வார். நான்கு நாள் பேசாமல் இருப்பார். பிறகு உலக வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டுவார், நான் பார்த்திருக்கிறேன்.

விடுப்பு 50 நாள்தான் என்றால் தூரத்தை வெட்டுங்கள். லண்டன் எங்கும் போய்விடாது. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் முடித்துக்கொண்டு, அந்த நாட்டின் போத்தி துறைமுகத்திலிருந்து வண்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டு நீங்கள் விமானத்தில் வரலாம். ஆறு நாளுக்கு ஒரு நாள் காலியாக விடுங்கள், திபெத்தில் இன்னும் கூடுதலாக. எல்லையில் வண்டிக்குத் தேதி எழுதும்போது நீங்கள் நினைத்ததைவிட நான்கு நாள் கூட்டிக் கேளுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஏப்ரலில் தராயில் மூடுபனி இருக்காது, ஆனால் பின்விளக்கு இல்லாத டிரெய்லர்கள் இருக்கும்.

நண்பன் இப்போது கோபியில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். அந்த முழங்கால் மடங்காது. கல்யாண வீட்டில் தரையில் இலை போட்டால் அவனுக்கு மட்டும் நாற்காலியும் ஸ்டூலும் போடுவார்கள். இத்தனை ஆண்டில் அந்த எட்டாம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நேற்று சாயங்காலம் உங்கள் அட்டவணையை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தான். மறுபடி ஏழாம் வரிக்கு வந்து விரலை வைத்தான்.

"புட்வல்ல ஒரு ராத்திரி படுக்கச் சொல்லு. காலைல டீ குடிச்சுட்டு மெதுவாப் போகட்டும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் அவங்கப்பாகிட்டச் சொல்லிட்டானா?" என்று கேட்டான்.

இன்னும் இல்லை என்றேன். தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தான்.