ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் அதே கான்ஃபிக் ஃபைல்களை ஒட்டுவதைத் தவிர்ப்பது எப்படி?

கும்பகோணத்தில் நாலு பேர் டீம், அரிசி ஆலைகளுக்குச் சின்னச் சின்ன பைத்தான் ஆப், ஒவ்வொன்றிலும் லின்டர் (கோடில் பிழை பார்ப்பது), சிஐ (கோடைத் தானாகச் சோதிப்பது) ஃபைல்களைக் கையால் ஒட்டுகிறோம் என்கிறீர்கள். ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து, அதாவது மாதிரி ஃபைல் தொகுப்பிலிருந்து, புராஜெக்ட்டை உருவாக்கும் காப்பியர் (Copier) கருவியைப் பாருங்கள். இதே வகைக் கருவியான குக்கிகட்டர் (Cookiecutter) பிரபலம்தான், ஆனால் நாற்று நட்டதோடு சரி, களை எடுக்க வராது: டெம்ப்ளேட் பிறகு மாறினால் பழைய புராஜெக்ட்டைப் புதுப்பிக்காது.

காப்பியர், புராஜெக்ட்டை உருவாக்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் தந்த பதில்களையும் டெம்ப்ளேட்டின் பதிப்பையும் புராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு யாம்ல் (YAML, அமைப்புகளை எழுதும் எளிய வடிவம்) ஃபைலில் குறித்து வைக்கும். அந்த ஃபைலை உருவாக்கும் மாதிரி ஃபைலை டெம்ப்ளேட்டில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான், அப்புறம் அப்டேட் ஓடாது. டெம்ப்ளேட்டைத் திருத்தி, கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் (Git) புது டேக் (பதிப்பு அடையாளம்) போட்டு, ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் ‘காப்பியர் அப்டேட்’ ஓட்டுங்கள். உங்கள் கைத்திருத்தங்களோடு மோதும் வரிகளை, கிட் மெர்ஜில் (இரு திருத்தங்களை இணைக்கையில்) வருவது போலவே குறித்துக் காட்டும்.

பாஸ்வேர்டு, ஏபிஐ சாவிகளை மட்டும் டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள்.