தண்டல் அட்டையும் அஞ்சலகப் பாஸ்புக்கும்

அன்புள்ள ஐயா,

என் கணவர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமைதான் கூலி. வெள்ளி விலை எகிறினால் வேலை குறைந்துவிடும். அப்போதெல்லாம் தண்டல்தான். 10,000 என்று எழுதி 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. இப்போது 40 நாள் கட்டியிருக்கிறேன். அட்டையை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், பார்க்கவே பயம். தோடு இருக்கிறது, அடகு வைத்து அடைத்துவிடவா? மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 500 போடும் எஸ்.ஐ.பி. போடச் சொல்கிறார்களே, போடலாமா?

வாசகி, சிவதாபுரம், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

எஸ்.ஐ.பி. இப்போது வேண்டாம். தோடும் காதிலேயே இருக்கட்டும்.

1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே நூறு நூறாகத் திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறது. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குக் கிட்டத்தட்ட பத்து ரூபாய். நகைக்கடனுக்கு வங்கி ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு வாங்குவதை நீங்கள் ஒரு மாதத்தில் கொடுக்கிறீர்கள். எந்த மியூச்சுவல் ஃபண்டும் இதை ஈடுகட்டாது.

பிறகு ஏன் தோட்டை வைத்து அடைக்கக் கூடாது? வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். மீதி 6,000-ஐ இன்றே கொடுத்தாலும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. நகைக்கடன் வட்டி வேறு சேரும். தள்ளுபடி தருவதாகச் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது எழுபதாவது நாளுக்கு. "புது அட்டை போட்டுக்கிறீங்களாக்கா?" என்பார் தண்டல்காரர். பழைய பாக்கி 3,000, புது வட்டி 1,500 கழித்து 5,500 கையில் தருவார். மீதி முப்பது நாளுக்கும் சேர்த்து முன்பே கொடுத்த வட்டி திரும்பாது. வருடத்தில் ஐந்து முறை இப்படி மாற்றினால் 7,500 போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திட்டினாலோ மிரட்டினாலோ காவல் நிலையம் போகலாம். 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் வருகிறது.

அட்டை முடிந்த வாரமே, சனிக்கிழமை கூலி வந்ததும் முதல் வேலையாக 700 ரூபாயை எடுத்துவையுங்கள். தினம் நூறு கட்டிப் பழகிய கைதானே. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். மாதாமாதம் கட்டும் ஆர்.டி. வேண்டாம், அது ஐந்து வருடத் திட்டம், அவசரத்துக்கு முடிக்கவும் மூன்று வருடம் ஆக வேண்டும். நூறு நாளில் சுமார் 10,000 சேரும். தண்டலில் இதே நூறு நாளுக்குக் கிடைத்தது 8,500.

பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இந்தச் சேமிப்பு உடையும். பள்ளிச் செலவு வரும், விருந்தாளி வருவார். தேவையானதை மட்டும் எடுங்கள், அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போடுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை திடீரென வருவதில்லை; அதற்கு 4,000 ஆகுமென்றால் பத்து வாரம் முன்பிருந்தே 400 தனியாக.

பணம் சேருமுன் வேலை நின்றால் அப்போது தோட்டை எடுங்கள். வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கம். ரசீதில் கிராம் எடை, வட்டி, கெடு தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

அட்டையை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து, வீட்டுக்காரர் கண்ணிலும் படுகிற மாதிரி காலண்டர் ஆணியில் மாட்டுங்கள். பாஸ்புக்கில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் சேர்ந்ததும் எழுதுங்கள், எஸ்.ஐ.பி.யைப் பற்றி அப்போது பேசுவோம்.