அவள் கேட்பது ஐந்து ஃபேஸ் மோட்டார்

அம்மா, மகள் முதுநிலையில் பல ஃபேஸ் மோட்டார் கட்டுப்பாடுதான் படிப்பேன் என்கிறாள், பெரியப்பாவோ கடன் வாங்கியாவது செயற்கை நுண்ணறிவில் சேர்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் அவருடைய யோசனையை நான் ஏற்கவில்லை.

மோட்டார் என்றதும் காயில் சுற்றும் வேலை என்று நினைக்கிறார். அவள் எழுதப்போவது நிரல். ஃபேஸ் என்பது மோட்டாருக்குப் போகும் தனித்தனி மின்னோட்டப் பாதை; டிசி மின்சாரத்தை ஏசியாக்கி மோட்டாருக்குத் தருவது இன்வெர்ட்டர். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரின் சுவிட்சுகளை 8 விதமாகத் திறந்து மூடலாம். ஐந்து ஃபேஸ் என்றால் 32 விதம். எந்த நிலையை எத்தனை மைக்ரோ வினாடி வைப்பது என்று தீர்மானிப்பதுதான் மாடுலேஷன். அதிக மின்னழுத்தம் தரும் நிலைகளை மட்டும் எடுத்தால் மூன்றாம் ஹார்மானிக் மின்னோட்டம், அதாவது மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் வேண்டாத மின்னோட்டம், புகுந்துவிடும். சைன் வடிவில் சுற்றிய மோட்டாரில் அது திருப்புவிசை தராது, செம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு சுவிட்ச் நிலையும் தரும் மின்னழுத்தத்தை வெக்டர் என்பார்கள். அதனால் பெரிய வெக்டருடன் நடுத்தர வெக்டரையும் சேர்த்து, பெரியதை நடுத்தரத்தைப் போல 1.618 மடங்கு நேரம் வைப்பார்கள். அந்த ஹார்மானிக் அடிபட்டுப் போகும். தங்க விகிதம் இங்கே வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான். பதிலுக்கு உச்ச மின்னழுத்தம் கொஞ்சம் குறையும். எதை விட்டு எதைப் பெறுவது என்று யோசிப்பதில்தான் உங்கள் மகளுக்கு ருசி.

இவ்வளவு பாடு எதற்கு? நியூட்ரல் இணைக்காத மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் அறுந்தால் சுழலும் காந்தப்புலமே இல்லை. ஐந்தில் ஒன்று அறுந்தாலும், மின்னோட்டங்களை மாற்றி அமைத்தால், குறைந்த திறனில் ஓடும். நடுக்கடலில் கப்பலுக்கு அது உயிர். விமானத்திலும் இதே தேவைதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: ஐந்து ஃபேஸுக்கென்றே வேலைகள் குறைவு. ஆனால் இதை எழுதத் தெரிந்தவளுக்கு மின்வாகனத்திலும் தொழிற்சாலையிலும் உள்ள மூன்று ஃபேஸ் டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டிக் கட்டுப்படுத்தும் அமைப்பு, கைக்கு அடங்கிவிடும்.

கடன் வேண்டவே வேண்டாம், அதுவும் அவளுக்குப் பிடிக்காத படிப்புக்கு. அவளுக்குப் பிடித்த படிப்பானாலும் ஆய்வகத்தைப் பார்க்காமல் கட்டணம் கட்டாதீர்கள். ஓடுகிற இன்வெர்ட்டர் மேசை இருக்கிறதா, மாணவர் எழுதிய நிரலில் மோட்டார் சுற்றுகிறதா என்று கேளுங்கள். கணினித் திரையில் சிமுலேஷன் மட்டும் காட்டினால் வேறு இடம் பாருங்கள்; ஒரு சுவிட்ச் அணைந்து அதன் ஜோடி சுவிட்ச் போடும் முன் விடும் சிறு இடைவெளியான டெட் டைம் தரும் தொல்லையை உண்மையான சுவிட்சில்தான் கற்க முடியும். போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும்.